முதுகு வேஷம்

நாடகக்காரர்களை நான் நம்பினதே இல்லை. மேடையில் குலுங்கிக் குலுங்கி அழுகிறவன், திரைக்குப் பின்னால் வந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு டீ எங்கே என்பான். நான் அந்தக் கம்பெனியில் தச்சன். கதவு, ஜன்னல், மாடிப்படி எல்லாம் பலகையில் செய்து நிறுத்துவேன்.

அந்த அரங்கம் இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். பசையும் முகப்பவுடரும் கலந்த வாசனை மட்டும் எப்போதாவது எங்கிருந்தோ வரும். அரை நிமிஷம் நின்றுவிடுவேன்.

அப்போது நடந்தது ரெட்டைப் பிறவிகள் கதை. அண்ணனுக்குப் பழுப்புக் கோட்டு, தம்பிக்கு நீலக் கோட்டு. அண்ணன் பொண்டாட்டி, தம்பியைப் புருஷன் என்று நினைத்துக் காதைத் திருகி வீட்டுக்கு இழுத்துப் போவாள். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ரெண்டு வேஷமும் ஒரே ஆள்தான், மைனர் என்போம். கோட்டை மாற்றிக்கொண்டு ஓடி வருவான். கடைசிக் காட்சியில் மட்டும் அண்ணனும் தம்பியும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு முதுகு தேவைப்பட்டது. மைனர் அகலத்துக்கு இருந்தது என் முதுகுதான்.

பழுப்புக் கோட்டோடு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார வேண்டும். பொண்டாட்டி வந்து, "என்னங்க, என் மேல கோவமா?" என்பாள். இல்லை என்று மூன்று தடவை தலையாட்ட வேண்டும். திரும்பக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

பொண்டாட்டியாக நடித்தவளை எல்லோரும் வெண்கலம் என்போம். தொண்டை அப்படி. எனக்கு அவளைப் பிடிக்கும். சொன்னதில்லை. நடிக்கத் தெரிந்தவள் பதிலுக்கு என்ன சொன்னாலும் எப்படி நம்புவது?

ஒரு வாரம் வசனம் மாறியது. மைனர் வெளியே கதவைத் தட்டி வழுக்கி விழ, கூட்டம் சிரிக்கிற சிரிப்பில், அவள் என் காதருகே குனிந்தாள்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை பெரியப்பா மாப்பிள்ளை வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வர்றாரு. நான் உங்களைத்தான் நினைச்சிட்டிருக்கேன். உங்களுக்கு இஷ்டம்தானே?"

நான் இல்லை என்று மூன்று தடவை தலையாட்டினேன்.

முதலாளி தினம் ஒரு வரி மாற்றுகிற ஆள். எனக்கோ எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், நாடகப் புத்தகத்தைத் தொட்டதுகூட இல்லை. புருஷன் இருக்கிறவளுக்கு மாப்பிள்ளை எதற்கு என்று தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். ஏற்கெனவே ரெண்டு புருஷனோடு திண்டாடுகிறாள், மூன்றாவதாக ஒருத்தன் வந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

மூன்று நாள் கேட்டாள். மூன்று நாளும் ஒழுங்காகத் தலையாட்டினேன். நாலாம் நாள் பழைய வசனமே வந்தது. அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம், வசனம் எடுத்துக் கொடுக்கிற கண்ணாடிக்காரரிடம் சும்மா கேட்டேன். "அந்த மாப்பிள்ளை வசனத்தை ஏன்யா தூக்கிட்டீங்க? நல்லா இருந்துச்சே."

"எந்த மாப்பிள்ளை?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புத்தகத்துல அப்படி ஒரு வரியே கிடையாது மேஸ்திரி. நீ என்ன பண்ணின?"

"இல்லைன்னு தலையாட்டினேன்."

"எத்தனை தடவை?"

"நாளுக்கு மூணு. மூணு நாள்."

"ஒரு பொண்ணு வாய்விட்டுக் கேட்டிருக்கா, ஒன்பது தடவை வேண்டாம்னிருக்கே. மரத்தோட பழகிப் பழகி நீயும் மரமாயிட்டியா?"

மறுநாள் ஞாயிறு. மூன்று மணிக்கு ஆட்டம். கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் வந்து, "என்னங்க, என் மேல கோவமா?" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

நான் திரும்பினேன்.

முன்வரிசையில் ஒருத்தன், "இது வேற ஆளுடா!" என்று கத்தினான். அதே நேரம் நீலக் கோட்டில் மைனர் நுழைந்தான். அவனைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வசனத்தை, அவள் வாய்ப் பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்தபடியே சொல்லிவிட்டாள்.

"ஐயையோ, இவர் என் புருஷன் இல்லையே!"

கூரை இடிந்துவிடும் போலச் சிரித்தார்கள். எழுந்து நானே செய்த கதவு வழியாக வெளியேறினேன்.

திரை விழுந்ததும் ஓடி வந்தாள். "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"ஊர் முன்னாடி சொல்லிட்டியே, நான் உன் புருஷன் இல்லைன்னு."

"அது வசனம்யா!"

"அன்னைக்குக் காதுல சொன்னது?"

"அது நிஜம்."

"எல்லாத்தையும் ஒரே வாயாலதானே சொல்றே. எனக்கு எப்படித் தெரியும்?"

"நிஜத்தைச் சொல்றப்போ எனக்குக் குரலே வரலை. அதுகூடவா கேக்கலை?"

கேட்டிருந்தது. அந்தத் தொண்டையில் காற்றுதான் வந்தது. கூட்டத்தின் சிரிப்பில் அமுங்கிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

கூட்டம் சிரித்ததைப் பார்த்து, தினமும் அதே மாதிரி முகத்தைத் திருப்பச் சொல்லி முதலாளி பின்னாலேயே வந்து கெஞ்சினார். முடியாது என்றேன்.

மறுநாள் காலையில் என் சொந்தச் சட்டையோடு அவள் வீட்டுக்குப் போனேன். பெரியப்பா வாசலிலேயே மறித்தார்.

"யாருப்பா நீ? நாடகத்துல நடிக்கிறவனா?"

"இல்லைங்க, தச்சன்."

"அதுவரைக்கும் நல்லது. நேத்து வந்தவங்களுக்கு இன்னும் பதில் சொல்லலை. நீ எதுக்கு வந்தே?"

உள்ளே கதவு மறைவில் அவள் நிற்பது தெரிந்தது. அவள் பக்கம் தலையசைத்துக் காட்டப் பார்த்தேன்.

"வாயைத் திறந்து சொல்லுப்பா," என்றார்.

சொன்னேன்.