விட்டுப்போன ஒரு படி

பெங்களூர் பிரேசர் டவுனில் தனியாக இருக்கும் சிந்தியாவின் உத்தியோகம் கைடு எழுதுவது. ஒரு மென்பொருளை எப்படி நிறுவுவது, எங்கே அமுக்குவது, சிவப்பு எழுத்தில் ஏதாவது வந்தால் பதறாமல் என்ன செய்வது என்று படிப்படியாக எழுதிக் கொடுப்பாள். அவள் கைடு போன பிறகு வாடிக்கையாளர் யாரும் சந்தேகம் கேட்டுப் போன் செய்வதில்லை என்று மேனேஜர் மீட்டிங்குக்கு மீட்டிங் மெச்சுவார். அந்த மெச்சலும் லேப்டாப்புக்குள்தான். கம்பெனி ஆபீசைக் காலி செய்துவிட்டு எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லி வருஷங்கள் ஆகிவிட்டன. அக்கா குளோரியா ஆஸ்திரேலியாவுக்குப் போன பிறகு வீட்டில் சத்தம் போடுவது குக்கர் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நாலு பேர் "எப்படி இருக்க?" என்பார்கள். பதிலைக் கேட்க நிற்க மாட்டார்கள்.

மனிதர்கள் என்று அவளுக்கு மிச்சமிருந்தது அல்சூர் லினக்ஸ் பயனர் குழு. யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய, காசில்லாமல் கிடைக்கிற மென்பொருள்மீது பைத்தியம் பிடித்தவர்கள். முன்பெல்லாம் மாதம் ஒரு சனிக்கிழமை ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஹாலில் கூடுவார்கள். ஒருத்தர் கம்ப்யூட்டரை இன்னொருத்தர் குடைந்து, டீ குடித்து, சண்டை பிடித்து, சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போவார்கள். கொரோனா வந்ததும் கூட்டம் வாட்ஸ்அப் குரூப்புக்குள் போனது. போனது போனதுதான், வெளியே வரவே இல்லை.

சிந்தியாவுக்கு அந்தச் சனிக்கிழமை திரும்ப வேண்டும். பக்கத்து நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்து, "இதப் பாருங்களேன்" என்று திரையை அவள் பக்கம் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் ஆசை. ஆனால் நாற்பத்தாறு வயதில் இதைப் போய் குரூப்பில் எழுத முடியுமா? மானம் என்று ஒன்று இருக்கிறதே. அதனால், "பழைய லேப்டாப்பில் லினக்ஸ் நிறுவ ஒரு செய்முறைப் பட்டறை வைக்கலாமா?" என்று எழுதினாள். சரி என்று கட்டைவிரல் படங்கள் மளமளவென்று விழுந்தன.

குழுவை நடத்தும் ரங்கா உடனே போன் செய்தார்.

"தாராளமா பண்ணலாம் மேடம். ஹாலுக்கு நான் பேசிடறேன். ஆனா ஜனங்க சும்மா வந்து முழிக்கக் கூடாது பாருங்க. நீங்க முன்னாடியே ஒரு கைடு போட்டுடுங்க. அதப் பாத்துட்டு தைரியமா வருவாங்க."

கைடு என்றதும் அவளுக்குக் கை பரபரத்தது. எந்த லேப்டாப்பில் எந்தப் பொத்தான், எங்கே மாட்டிக்கொள்ளும், மாட்டினால் எப்படி மீள்வது என்று படங்களோடும் அம்புக்குறிகளோடும் எழுதினாள். வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு மீனில் முள் எடுத்து வைப்பதுபோல ஒவ்வொரு சிக்கலையும் எடுத்தாள். பாவி, அங்கேதான் அவள் கோட்டை விட்டாள்.

சனிக்கிழமை முதல் ஆளாகப் போய் எக்ஸ்டென்ஷன் போர்டுகளை இழுத்து வைத்தாள். பேக்கரியில் வாங்கிய பப்ஸை மேஜையில் பரப்பினாள். சொன்ன நேரம் தாண்டியது. படியில் காலடிச் சத்தமே இல்லை, போன்தான் சிணுங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்க கைட பாத்து நேத்தே ரூம்ல போட்டுட்டேன். ஒரு எரர்கூட வரல!" என்று எழுதியிருந்தாள் லாவண்யா. ஜோகுபாளையத்தில் பி.ஜி. விடுதியில் தங்கி ஐ.டி. வேலை பார்க்கிற பெண். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் அவரவர் மேஜையில் லினக்ஸ் ஓடுவதைப் படம் பிடித்துப் போட்டார்கள். கடைசியில் ரங்காவே கூப்பிட்டார்.

"சூப்பர் சக்சஸ் மேடம்! எல்லாருக்கும் முடிஞ்சிடுச்சு. இனிமே நான் அங்க வந்து என்ன பண்ணப்போறேன், சொல்லுங்க? நீங்களும் கெளம்புங்க, வெயில் ஏறிடும்."

கீழே வாட்ச்மேன், "யாரும் வரலியாம்மா?" என்று கேட்டார்.

"வேலை முடிஞ்சிடுச்சுங்க," என்று சொல்லி பப்ஸ் டப்பாவை அவரிடம் கொடுத்தாள். ஏரியைச் சுற்றிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். ஆட்டோ பிடித்தால் சீக்கிரம் வீடு வந்துவிடும்.

அடுத்த மாதம் இன்னொரு பட்டறை வைப்பதாக முடிவு செய்தார்கள். பழைய கம்ப்யூட்டரில் குடும்பப் படங்களைச் சேமித்து, வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி செய்வது. சிந்தியா இந்த முறையும் கைடு எழுதினாள். ஆனால் ஒரு படியை வேண்டுமென்றே விட்டாள். ஃபோல்டரைத் திறக்க அனுமதி கொடுக்கிற ஒற்றை வரி. அது இல்லாவிட்டால் எதுவும் கெடாது, படம் மட்டும் திறக்காது. தலையைப் பிய்த்துக்கொண்டு சனிக்கிழமை கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்துதானே ஆக வேண்டும்? பிழைப்பில் முதன்முறையாகத் தெரிந்தே ஒரு தப்பான கைடு. மத்தியானம் அதைக் குரூப்பில் போட்டுவிட்டு, திருடியவளைப்போலப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மாலை டீ கொதிப்பதற்குள் திருத்தம் வந்துவிட்டது. இந்தக் கூட்டத்தின் வழக்கமே அதுதானே. தப்பைப் பார்த்தால் யாரும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள், திருத்தி அனுப்பிவிடுவார்கள். எழுதியவர் ஏற்றுக்கொண்டால் போதும்.

"அக்கா, ஒரு ஸ்டெப் விட்டுப்போச்சு, சேத்துட்டேன். நீங்க பாவம், எவ்ளோதான் பண்ணுவீங்க," என்று லாவண்யா எழுதியிருந்தாள். சேர்த்த வரியில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. நடைகூட சிந்தியாவுடையதாகவே இருந்தது. அந்தப் பெண்மேல் கோபப்படப் பார்த்தாள், வரவில்லை. தன்மேல்தான் வெட்கமாக இருந்தது. திருத்தத்தை ஏற்றுக்கொண்டாள்.

"அப்போ இந்த மாசமும் ஹால் வேணாம்தானே மேடம்?" என்று குரூப்பில் கேட்டார் ரங்கா.

சிந்தியா போனைக் கையில் எடுத்தாள். மானமாவது ஒன்றாவது என்று விறுவிறுவென எழுதினாள். "ஹால் வேணாம். சனிக்கிழமை எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க. கம்ப்யூட்டர் வேணாம். சும்மா பேசிட்டிருக்கலாம்."

முதலில் ரங்காவின் பதில் வந்தது.

"நல்ல ஐடியா மேடம்! என்ன டாபிக்? நீங்க முன்னாடியே நோட்ஸ் போட்டுட்டீங்கன்னா, வர முடியாதவங்க வீட்லயே படிச்சுக்குவாங்க."

அதன்மேலும் கட்டைவிரல்கள் விழத் தொடங்கின. சிந்தியா விரலைத் திரைமேல் வைத்தபடி நின்றாள். தனியாக இருக்கிறேன், வாருங்கள் என்பதை எத்தனை படியாகப் பிரித்து எழுதுவது?