எரியோட்டுக்கு எட்டாத சர்வர்

செழியனிடம் யாராவது தெரியாத்தனமாக "பார்க்க ஏதாவது படம் இருக்கா?" என்று கேட்டுவிட்டால் அன்றைய பொழுது அவ்வளவுதான். திண்டுக்கல் நாகல் நகரில் அவன் வீட்டு ஹால் மூலையில், மூடப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து தூக்கி வந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்களின் கல்யாணம், கோயில் கும்பிடு, பிள்ளைகளின் ஆண்டு விழா ஆட்டம் என்று எல்லோருடைய போனிலிருந்தும் வீடியோக்களை உருவி அதற்குள் சேர்த்து வைத்திருந்தான். உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் போனைத் தட்டினால் படம் ஓடும் என்பான். அதற்கு சர்வர் என்று பெயர். ராப்பகலாக ஓய்வே இல்லாமல் உழைக்கிறது என்று பெருமை வேறு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு காய்கறிக் கமிஷன் கடையில் அவனுக்கு வேலை. கேரளாவுக்கு லோடு ஏற்ற வரும் டிரைவர்கள்கூட இந்தக் கதையைக் கேட்டு ஓய்ந்திருந்தார்கள்.

இதில் அதிகமாகக் கேலி செய்தவர் அவனுடைய அக்கா சுகன்யாவின் புருஷன் பாண்டியராஜ். எரியோட்டில் மல்லிகையும் முருங்கையும் போட்டிருந்தார். ஒரு தடவை நாகல் நகருக்கு வந்தபோது சூடேறிக் கிடந்த சர்வரின் தலையில் கை வைத்துப் பார்த்துவிட்டு, மழைக்காலத்தில் துணி காயப்போட ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த மனிதர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பது செழியனுக்கு ஒரு வைராக்கியமாகவே ஆகிவிட்டது.

ஆயுத பூஜை லீவுக்கு அவன் எரியோட்டுக்குப் போயிருந்தான். பாண்டியராஜ் வீட்டில் இந்த வருஷம் பண்டிகை கிடையாது. அவருடைய அம்மா வெள்ளையம்மாள் தை மாதம் தவறிவிட்டார். வருஷம் திரும்பும்வரை அந்த வீட்டில் எந்த நல்ல நாளும் கொண்டாடக் கூடாது. தெருவெல்லாம் பொரிகடலையும் சாம்பிராணி வாசனையுமாக இருக்கும்போது ஒரு வீடு மட்டும் வெறிச்சென்று கிடந்தால் நன்றாகவா இருக்கும்? போய்ப் பேச்சுத் துணையாக இரு என்று செழியனின் அம்மா ஒச்சம்மாள்தான் அவனை அனுப்பி வைத்தார். அவர் நாகல் நகரிலேயே இருந்துகொண்டார்.

சாயங்காலம் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாண்டியராஜின் அப்பா சடையாண்டியும் இருந்தார். மனைவி போனதிலிருந்து அவர் பேச்சை ரொம்பவும் குறைத்துக்கொண்டிருந்தார். போட்டதைத் தின்பார், தோட்டத்துக்குப் போவார், வந்து படுத்துக்கொள்வார். அன்றைக்கு என்ன தோன்றியதோ, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"அவ மொகம் நெனப்பு இருக்கு. கொரலு வர மாட்டேங்குது."

எங்கள் கல்யாண வீடியோவைப் போடலாம் என்றாள் சுகன்யா. அதில் வீடியோக்காரர் முகூர்த்தம் முதல் பந்தி வரைக்கும் சினிமாப் பாட்டாகப் போட்டு மெழுகியிருந்தார். வெள்ளையம்மாள் வாயசைப்பது தெரியும், ஒரு வார்த்தை கேட்காது. அவர் பேசுகிற வீடியோ என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். பாண்டியராஜ் தோட்டத்தில் வைத்து எடுத்தது. எடுத்த போன் கிணற்றுக்குள் விழுந்து எத்தனையோ மாதமாகிறது. ஆனால் அது விழுவதற்கு முன்பே செழியன் தன் வழக்கப்படி அதை உருவி சர்வரில் ஏற்றியிருந்தான்.

செழியன் நிமிர்ந்து உட்கார்ந்தான். என்னிடம் இருக்கிறது, இதோ போடுகிறேன் என்று டிவியை இழுத்து வைத்துப் போனோடு இணைத்தான். பெரியவர் நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அவர் தானாக எதற்காவது முன்னால் வந்து உட்கார்ந்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

சர்வர் கிடைக்கவில்லை என்றது போன்.

சிக்னல் சரியில்லை என்று மொட்டை மாடிக்குப் போனான். அங்கே சிக்னல் நிறைய இருந்தது, சர்வர் இல்லை. கீழே இறங்கி வந்து அம்மாவைக் கூப்பிட்டான். இன்டர்நெட் டப்பாவில் லைட் எரிகிறதா என்று கேட்டான். வரிசையாகப் பச்சையில் எரிகிறது என்றார் ஒச்சம்மாள். சரி, சர்வர் எப்படி இருக்கிறது?

"அதுக்கென்ன, லட்சணமா இருக்கு," என்றார்.

லட்சணமாக இருக்கிறது என்று தாய் சொன்னபின் பிள்ளை சந்தேகப்படலாமா? கோளாறு வேறெங்கோ என்று முடிவு கட்டிவிட்டான். வீட்டு இன்டர்நெட்டுக்கு என்று ஒரு விலாசம் உண்டு, அது அடிக்கடி மாறும், மாறினால் வெளியிலிருந்து வருகிறவனுக்கு வீடு தெரியாது. அப்படி மாறியிருக்கும் என்று போனில் எதையெதையோ திருத்தினான். தெருவுக்கே சேர்த்து ஒரே பொது விலாசம் கொடுத்துவிட்டார்களோ என்று இன்டர்நெட் கொடுத்தவர்களுக்குப் போன் அடித்தான். லீவு நாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்டர்நெட் கம்பெனிக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினான். மாற்றியதும் பழையதும் மறந்தது, புதியதும் மறந்தது. பாண்டியராஜுக்கு அதற்குள் பழைய கேலி திரும்பிவிட்டது. அமெரிக்காவிலிருந்து பார்க்கலாம் என்று சொன்னாயே, எரியோடு அதைவிடத் தூரமோ என்று கேட்டார்.

பைக்கை எடுத்தால் முக்கால் மணி நேரத்தில் திண்டுக்கல். போய் எடுத்து வந்துவிடலாம்தான். ஆனால் ஓடிப்போய்த்தான் எடுத்துவர வேண்டும் என்றால் சர்வர் எதற்கு, பீரோ போதுமே. செழியனுக்கு மானம் தடுத்தது. அவன் இப்படித் தடவிக்கொண்டிருக்கும்போதே சடையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"விடு அப்பு. இருந்துட்டுப் போகுது."

குறையாகச் சொல்லவில்லை, அவனைச் சமாதானப்படுத்துகிற மாதிரிதான் சொன்னார். அதுதான் செழியனுக்குத் தாங்கவில்லை. இந்த மனுஷன் இன்னொரு முறை வாய் திறந்து கேட்கப்போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. செத்த நேரம் இருங்க மாமா என்று கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, சர்வரைக் காட்டச் சொன்னான்.

ஒச்சம்மாள் போனைத் திருப்பினார். ஹால் மூலையில் சர்வர் இல்லை. சாமி படத்துக்குக் கீழே கோலம் போட்ட பலகையில் இருந்தது. நாலு பக்கமும் சந்தனம், குங்குமம். தலையில் சாமந்தி மாலை. இந்தப் பக்கம் அரிவாள்மனை, அந்தப் பக்கம் தையல் மிஷின், நடுவில் மாப்பிள்ளை மாதிரி அது. முன்னால் பொரியும் வாழைப்பழமும். ஒயர்களையெல்லாம் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, சுருட்டி, அதன்மேலும் ஒரு பொட்டு வைத்திருந்தார்.

பின்னால் நின்று எட்டிப் பார்த்த பாண்டியராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

எதற்கம்மா கழற்றினாய் என்று செழியன் கேட்டான். இதென்ன கேள்வி என்கிற மாதிரி ஒச்சம்மாள் பார்த்தார்.

"நீதானேடா சொன்ன, ராவும் பகலும் உழைக்குதுன்னு. வருசத்துல ஒரு நா அதுக்கும் லீவு வேணாமா?"

செழியனுக்குக் கோபம் வரவில்லை. ஊரே சிரித்த அந்தப் பெட்டியை வேலை செய்கிற சாமானாக மதித்த ஒரே ஆள் அம்மாதான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஆனால் இப்போது அது ஓடியாக வேண்டும். ஒயரை மாட்டு என்றான். மாட்டேன் என்றார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும், அதுவரை கத்தியானாலும் கம்ப்யூட்டரானாலும் தொடக்கூடாது. கெஞ்சினான். படம் பார்க்க ஒரு நாள் பொறுக்க மாட்டாயா என்று அதற்கும் திட்டு விழுந்தது. கடைசியில் அவன் குரலைத் தாழ்த்தி, மாமாவுக்கு அத்தையின் குரல் மறந்துபோயிற்றாம், அதற்காகத்தான் என்றான்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? கிறுக்குப் பயலே."

ஒச்சம்மாள் சூடம் கொளுத்தி, சரஸ்வதிக்கு ஒரு தடவை காட்டினார். சம்பந்தியம்மா குரலைக் கேட்க வேண்டுமாம், கோவித்துக்கொள்ளாதே தாயி என்று சொல்லிவிட்டுப் பலகையோடு இழுத்து இன்டர்நெட் டப்பா பக்கத்தில் வைத்தார். மாலையை எடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை. தடித்த ஒயர் கரண்டுக்கு, ஒல்லி ஒயர் டப்பாவுக்கு என்று செழியன் எரியோட்டிலிருந்து வழி சொன்னான். ஒல்லி ஒயர் உள்ளே போய் 'டக்' என்று விழ வேண்டும். விழவில்லை. அந்த ஓட்டையிலும் சந்தனம். ஹேர்பின்னால் நோண்டி எடுத்துவிட்டு மறுபடி செருகினார். சத்தம் இந்தப் பக்கமே கேட்டது. பொத்தானை அமுக்கியதும் விசிறி சுற்றியது, சாமந்தி இதழ்கள் நாலு பக்கமும் பறந்தன.

செழியன் போனில் திருத்தியதையெல்லாம் பழையபடி ஆக்கிவிட்டுத் தட்டினான், எரியோட்டில் டிவி விழித்துக்கொண்டது. மல்லிகைத் தோட்டம் தெரிந்தது, மோட்டார் சத்தம் கேட்டது. இடுப்பில் கூடையோடு வெள்ளையம்மாள் நின்றிருந்தார். தன்னைப் படம் எடுப்பதையே கவனிக்காமல் வேறு யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"யோவ், வாய்க்கா நெறஞ்சு பாதையில தண்ணி ஓடுது. மோட்டார அமத்துன்னு எம்புட்டு நேரமா கத்துறேன். காதுல விழுகுதா இல்லையா?"

சடையாண்டி நின்றுகொண்டே இருந்தார். துண்டு தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"விழுகுது," என்றார். "விழுகுது தாயி."

வீடியோ அவ்வளவுதான். பாண்டியராஜ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, இன்னொருக்கா போடு மாப்ள என்றார். செழியன் போட்டான். அப்புறம் யாரும் சொல்லாமலே திரும்பத் திரும்பப் போட்டான். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாள் கேட்டார், ஒவ்வொரு தடவையும் சடையாண்டி பதில் சொன்னார்.