மாங்காய் அவலுக்கு ஒரு கப்

செம்பாக்கத்தில் அந்தத் தெருமுனை அபார்ட்மென்ட்டின் காம்பவுண்டுச் சுவரில் மாஹிராவின் சம்மர் கேம்ப் பேனர் ஏறிய நாளிலிருந்து கோகிலவாணிக்குச் சோறு இறங்கவில்லை. பேனரில் என்ன போட்டிருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அடுப்பில்லாச் சமையல், பேப்பர் கிராஃப்ட், கதை சொல்லல், ஏசி ஹால். முதல் மூன்றையும் அந்தத் தெருவுக்கே அறிமுகப்படுத்தியவள் கோகிலவாணி. நாலாவதுதான் அவளிடம் இல்லை.

அவளிடம் இருந்தது மொட்டைமாடியில் தகர ஷீட் போட்ட கொட்டகை, இரண்டு ஸ்டாண்ட் ஃபேன், ஒரு பானைத் தண்ணீர். கத்திரி வெயிலில் ஷீட் கொதிக்கும், கீழே பிள்ளைகளும் கொதிக்கும். அப்படியும் பரீட்சை லீவு விட்டால் பிள்ளைகளை எங்கே தள்ளுவது என்று தவித்த அம்மாக்களுக்குக் கோகி மிஸ்தான் கதி. போன வருஷம்வரை இடமில்லை என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்பியவள் அவள். இந்த வருஷம் கொட்டகையில் பாதி பாய் விரிக்காமல் சுருட்டியபடியே கிடந்தது.

இரண்டு இடத்திலும் கூட்டிப் பெருக்குகிற புஷ்பம் தினமும் சேதி கொண்டு வந்தாள்.

"அந்தாண்ட இன்னா கூட்டம்ன்ற யக்கா. உள்ள போனா ஜில்லுனு கீது. அல்லாப் பசங்களும் மஞ்சா டீசர்ட்டு போட்டுகினு ஓடினு கீதுங்க. நம்ப பின்னாடித் தெரு பசங்க பூரா அங்கதான்."

"நீ வேலை செய்ய வந்தியா, சேதி சொல்ல வந்தியா?"

"நீதான கேட்ட."

கேட்டது அவள்தான். தினம் கேட்பாள், கேட்டுவிட்டுப் புஷ்பத்தின் மேல் எரிந்து விழுவாள். மறைமலை நகரில் ஷிஃப்ட் முடித்து வந்த கணவர் குமரேசன், "தெருவுக்கு ஒரு கேம்ப்தான் இருக்கணும்னு சட்டமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அன்றைக்கு அவருக்கு ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை.

மாஹிரா சண்டைக்காரியாக இருந்திருந்தால்கூடத் தேவலை. கேம்ப் தொடங்குவதற்கு முன்னால் வீடு தேடி வந்து, "அக்கா, இந்த ஏரியால நீங்கதான் சீனியர். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிக்கலாம்னு வந்தேன்" என்றாள். கோகிலவாணியும் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, காபி கொடுத்து, "தாராளமா பண்ணும்மா" என்று சொல்லித் தொலைத்தாள். அந்த 'தாராளமா'வை நினைக்க நினைக்கத்தான் வயிறு எரிந்தது.

எரிகிற வயிற்றோடு யோசித்தால் என்ன யோசனை வரும்? எட்டாவது முடித்திருந்த தன் மகள் மிருதுளாவைக் கூப்பிட்டாள்.

"நீ அங்க போய்ச் சேர்ந்துக்கோ. என்ன சொல்லித் தர்றா, எப்படிச் சொல்லித் தர்றா, எல்லாத்தையும் பாத்துட்டு வந்து சொல்லு."

"அப்போ உனக்கு யாரும்மா காய் நறுக்குவா?"

"நான் பாத்துக்கறேன். நீ போ."

காய் நறுக்குவது, மாங்காய் துருவுவது, பாய் விரிப்பது, அழுகிற வாண்டுகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வது எல்லாம் இத்தனை வருஷமாக மிருதுளாவின் வேலை. அவள் இல்லாமல் கோகிலவாணிக்கு இடுப்பு ஒடிந்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டாள். சேதி வர வேண்டுமே.

சேதி வந்தது. முதல் இரண்டு நாள் அவள் எதிர்பார்த்தபடியே வந்தது. பிறகு சேதியின் ருசி மாறியது. "மாஹிரா மிஸ் செம ஜாலிம்மா." "மாஹிரா மிஸ் என் கையெழுத்து நல்லா இருக்குன்னு சொன்னாங்க." "மாஹிரா மிஸ் நாளைக்குச் சீக்கிரம் வரச் சொன்னாங்க." வீட்டில் எழுப்பினாலும் எழாத பெண், கோழி மாதிரி விடியற்காலையில் எழுந்து மஞ்சள் டீஷர்ட்டைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினாள். அதுவரை கேம்ப்புக்காகப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த கோகிலவாணி இப்போது பெண்ணுக்காகவும் பொறாமைப்பட்டாள். தன் கையாலேயே கட்டணம் கட்டி, சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் அவள். யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

மாஹிராவின் கேம்ப் சனிக்கிழமை முடிந்தது. கோகிலவாணியின் கேம்ப் மறுநாள் முடிவதாக இருந்தது. மாஹிராவின் விழாவுக்குப் பெற்றோருக்கும் அழைப்பு என்றார்கள். போகக் கூடாது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனாள்.

ஹால் உண்மையிலேயே ஜில்லென்று இருந்தது. அதுவே முதல் கோபம். மேஜைமேல் பிள்ளைகள் செய்த பலகாரங்கள் வரிசையாக இருந்தன. பிஸ்கட்டில் ஜாம் தடவியது, பிரெட்டில் வெள்ளரிக்காய் வைத்தது. கடைசித் தட்டில் மாங்காய் அவல். கோகிலவாணி ஒரு ஸ்பூன் வாயில் போட்டாள். ஊறிய அவல், துருவிய மாங்காய், தேங்காய், கடையில் வாங்கிய வறுத்த வேர்க்கடலை, புளிப்பை அடக்க ஒரு சிட்டிகைச் சர்க்கரை. அந்தச் சிட்டிகைச் சர்க்கரை வேறு யாருக்கும் தெரியாது. அவளுடைய கேம்ப்பின் பேர் போன ஐட்டம் அது. இன்னொரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். அதேதான்.

மாஹிரா மைக்கைப் பிடித்தாள். "அடுப்பில்லாச் சமையல்ல முதல் பரிசு, மாங்காய் அவல். மிருதுளா." கை தட்டல் அடங்கியதும் தொடர்ந்தாள். "இது யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டேன். எங்கம்மான்னு சொன்னா. அவங்கம்மாவும் வந்திருக்காங்க. அக்காவுக்கும் ஒரு கை தட்டுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். கோகிலவாணி கும்பிட்டாள். தன் சமையலுக்கு, தன் பெண்ணுக்கு, தன் தெருவில் கிடைக்கிற பாராட்டுகூட இவள் கையால்தான் வர வேண்டுமா என்று உள்ளே கொதித்தது.

அப்போதுதான் மிருதுளாவின் முகத்தைப் பார்த்தாள். கப்பை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது அந்தப் பெண். சிரிக்கவும் தெரியாமல் அழவும் தெரியாமல் உதடு கோணிக்கொண்டிருந்தது. பெற்று வளர்த்தவள் அந்த முகத்தை அதுவரை பார்த்ததில்லை.

பார்த்திருக்க முடியாது. கேம்ப் நடத்துகிறவர்கள் கடைசி நாளில் ஒரு பிள்ளையையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். அனுப்பினால் அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை வராது. ஆகவே நன்றாகச் சிரித்தவனுக்கு ஒரு கப், நேரத்துக்கு வந்தவளுக்கு ஒரு கப், டிபன் டப்பாவைக் காலி செய்தவனுக்கு ஒரு கப் என்று பரிசுகளைக் கண்டுபிடிப்பார்கள். கோகிலவாணி அதில் கை தேர்ந்தவள். ஆனால் தன் பெண்ணுக்கு மட்டும் எதையும் கண்டுபிடித்ததில்லை. சொந்தப் பெண்ணுக்குக் கொடுத்தால் நாலு பேர் பேசுவார்களாம். மிருதுளா கப்புகள் அடுக்கிய தட்டை ஏந்தி நிற்பாள், கோகிலவாணி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். சின்னவளாக இருந்தபோது ஒரு முறை மிஞ்சிப்போன கப்பை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தது அந்தக் குழந்தை. "அடுத்த வருஷத்துக்கு ஆகும்" என்று வாங்கிப் பீரோ மேல் வைத்துவிட்டாள். குழந்தை அழவில்லை. என் பொண்ணு ரொம்பப் பொறுப்பு என்று கோகிலவாணி அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

செருப்பு மாட்டுகிற இடத்தில் மாஹிராவைப் பிடித்தாள்.

"என் பொண்ணுன்னு தெரிஞ்சுதான குடுத்த?"

"முதல் நாளே தெரியும்க்கா. நீங்க பாத்துட்டு வரச் சொன்னீங்கன்னு அவளே சொல்லிட்டாளே." மாஹிரா சிரித்தாள், அதில் குத்தல் எதுவும் இல்லை. "நல்லா பண்ணா, குடுத்தேன். அதுல என்னக்கா இருக்கு?"

அதில் ஒன்றும் இல்லைதான். கோகிலவாணி குனிந்து தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மிருதுளா டி.வி. ஸ்டாண்டைத் துடைத்து, ரிமோட்டை நகர்த்தி, கப்பை நடுவில் வைத்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். மறுபடி வந்து, பெயர் எழுதிய பக்கம் முன்னால் வரும்படி திருப்பி வைத்தாள்.

கோகிலவாணி அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தாள். பெண்ணுக்கு இப்படி ஓர் ஆசை இருந்திருக்கிறதே என்று நெஞ்சு ஒரு பக்கம் அடைத்தது. அதைக் கண்டுபிடித்தவள் அந்த மாஹிராவா என்று இன்னொரு பக்கம் எரிந்தது. எரிந்த பக்கம்தான் ஜெயித்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து, தாம்பரம் சண்முகம் ரோட்டில் ஷீல்டு, கப் விற்கிற கடைக்குப் போனாள். டி.வி. ஸ்டாண்டில் இருந்ததைவிடப் பெரியதாக, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த கப் ஒன்று வாங்கினாள். கடைக்காரர் இதைவிடச் சின்னது இருக்கிறது என்று காட்டியபோது முறைத்தாள்.

மறுநாள் தகரக் கொட்டகையில் நிறைவு விழா. ஃபேன் காற்று சூடாக வந்தது. வந்திருந்த அம்மாக்கள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள். மிருதுளா வழக்கம்போல் தட்டை ஏந்தி நின்றாள். சிரித்தவன், நேரத்துக்கு வந்தவள், டப்பாவைக் காலி செய்தவன் எல்லோரும் வாங்கிக்கொண்டு போனார்கள். கோகிலவாணி மேஜைக்கடியிலிருந்து பெரிய கப்பை எடுத்தாள்.

"இந்த வருஷம் ஒரு ஸ்பெஷல் பரிசு" என்றாள் மைக்கில். "இத்தனை வருஷமா இந்தக் கேம்ப்புக்கே ஓடி ஓடி உழைச்ச மிருதுளாவுக்கு."

அம்மாக்கள் தட்டினார்கள். மிருதுளா நகரவில்லை. கப்பைப் பார்த்தாள், அதன் கைப்பிடிகளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து, மைக்கில் கேட்காதபடி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"வேணாம்மா. சொந்தப் பொண்ணுக்குக் குடுத்தா நாலு பேரு பேசுவாங்க."

அம்மாவின் கையிலிருந்து அந்தப் பெரிய கப்பை மெதுவாக வாங்கித் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"அடுத்த வருஷத்துக்கு ஆகும்" என்றாள்.

அவள் குரலில் துளி கோபம் இல்லை. மறந்துபோன அம்மாவுக்கு எடுத்துக் கொடுப்பதுபோலத்தான் சொன்னாள். கோபம் இருந்திருந்தால் கோகிலவாணி ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். இன்னும் இரண்டு வாண்டுகள் கப்புக்காகக் காத்திருந்தன. மிருதுளா தட்டை நேராக ஏந்திக்கொண்டு பழைய இடத்தில் போய் நின்றாள். மஞ்சள் டீஷர்ட்டைத்தான் போட்டிருந்தாள்.