நேராக்கிய 'ழ'

அந்த எழுத்துருவை நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். கூடவே வந்த உரிமத்தில் இரண்டு நிபந்தனைகள்: எழுத்துகளைத் திருத்தக் கூடாது, பிறருக்குக் கொடுக்கக் கூடாது. வாங்கின பொருளுக்கு வரைந்து விற்றவன் யார் எனக்குச் சட்டம் சொல்ல என்று எரிச்சல் வந்தது. மற்ற எழுத்தெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். 'ழ'வின் வால் மட்டும் லேசாக நெளிந்திருந்தது. அரை நாள் உட்கார்ந்து அதை நேராக்கினேன். தெரிந்த அச்சகங்களுக்கெல்லாம் பெருமையாக அனுப்பியும் வைத்தேன்.

இன்று காலை ஒரு பெண்மணி என் அலுவலகத்துக்கு வந்தார். அந்த எழுத்துருவை வரைந்தவரின் மனைவி. மேசைமேல் கணவரின் இரங்கல் அட்டையை வைத்தார்.

"அவரோட எழுத்துலயே அடிக்கச் சொன்னேன் தம்பி. 'ழ'வைப் பார்த்ததும் இது அவர் கை இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. அச்சகத்துல உங்களைக் கைகாட்டினாங்க."

"வால் கோணலா இருந்துச்சும்மா, அதான்..."

"அவர் கடைசியா வரைஞ்ச எழுத்து அது. அப்பவே கை நடுங்கிச்சு. சரி பண்ணிடுங்களேன்னேன். நான் இருந்ததுக்கு அடையாளமா அப்படியே இருக்கட்டும்னுட்டார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அவர் போனதும் என் கணினியிலிருந்து அதை அழித்தேன். அச்சகங்களுக்கு ஃபோன் போட்டேன். சிரித்தார்கள், அது கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போய்விட்டதாம்.

ஜன்னலைத் திறந்தேன். எதிரே பழக்கடைக்குப் புதுப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த 'ழ' துளி நடுக்கம்கூட இல்லாமல் என்னையே பார்த்தது. செத்துப்போன கை நடுங்குமா என்ன?