எட்டு ஓட்டைக் காசுகள்

சேதுராமன் பாயில் பரப்பி வைத்திருந்த காசுகளில் பாதிக்கு முகமே இல்லை. மாமனார் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அவற்றுக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார். முப்பது வருஷத்துச் சந்தனம் காய்ந்து கறுத்து, ராஜா எது கப்பல் எது என்று தெரியாதபடி அப்பிக்கிடந்தது. மனைவி சிவகாமி வீட்டில் மிச்சமிருந்த புளியைக் கரைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் குடியிருந்த காஜா பெராங்கில் புளியைக் கண்டு இரண்டு மாதமாகிறது. ரசத்துக்கு இல்லாத புளி காசுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாலு மணிக்கு ஜப்பான் அதிகாரி வருகிறார்.

வரவழைத்தவர் சேதுராமனேதான். வெள்ளைக்காரன் காலத்தில் பதினெட்டு வருஷம் குமாஸ்தா. எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை என்பது அவருடைய வாழ்நாள் பெருமை. போன மாதம், வேலையில்லாதவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று கொடுத்த படிவத்தில் தனித்திறமை என்று ஒரு கட்டம் இருந்தது. மற்றவர்கள் கோடு கிழித்துவிட்டு வந்தார்கள். இவர் 'பண்டைய நாணய ஆராய்ச்சியாளர்' என்று அழகாக எழுதினார். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. சண்டைக்கு முன்னால் வாசகசாலையில் ஒருமுறை, தலைப்பாகை கட்டிக்கொண்டு, நாணயமும் நாகரிகமும் என்று ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறார். கேட்ட பதினொரு பேரில் நாலு பேர் விழித்திருந்தார்கள். அன்று காட்டியதெல்லாம் ஆற்றோரம் காசு மாற்றும் கடை வைத்திருந்த மாமனார் செத்தபோது சிவகாமிக்கு வந்த இந்த மூட்டைதான்.

கோடு கிழித்தவர்களைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இலவசப் படம் என்று ஓடிய பின்வீட்டுத் தியாகு, கொட்டகை வாசலிலிருந்தே லாரியில் போனான். இன்றுவரை ஒரு வரி இல்லை. ஆராய்ச்சியாளர் மெய்யென்றால் பழம்பொருள்களுக்குப் பட்டியல் எழுதும் உத்தியோகம், அரிசிப் பங்கோடு. பொய்யென்றால் சயாம். அதிகாரிக்கு மொழிபெயர்க்கும் தேவதாஸ் நேற்று வந்து இதைக் காதோடு சொல்லிவிட்டு, காசுகளையும் மேலோட்டமாக எழுதிக்கொண்டு போனான். அவனும் மூன்று மாத ஜப்பானிய வகுப்பில் நிபுணனானவன்.

"இது சோழர் காலம்," என்று சேதுராமன் சீட்டு எழுதத் தொடங்கினார்.

சிவகாமி அதை வாங்கி உள்ளங்கையில் எடைபார்த்தாள். தரையில் ஒரு சுண்டு சுண்டினாள். "டச்சுக்காரன் துட்டுங்க. அப்பா கடையில கூடை கூடையா கெடந்துச்சு."

"நான் மேடையில சோழர்னு சொல்லியிருக்கேன்."

"அங்க கேட்டவங்க தூங்கிட்டாங்க. வர்றவன் தூங்க மாட்டான்."

சீட்டைக் கிழித்தார். சேவல் போட்ட செம்புக்காசு, ஈயக்காசு, கும்பினிக் காசு என்று அவள் சொல்லச் சொல்ல இவர் மலாய் மொழியில் எழுதினார். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் 'ஆய்வாளர்: சேதுராமன்' என்று போட மட்டும் மறக்கவில்லை.

நடுவில் ஒரு காசின் சந்தனம் உரிந்து, நெற்றியில் குங்குமத்தோடு ஜார்ஜ் மன்னர் எழுந்தருளினார். இருவரும் கதவைப் பார்த்தார்கள். அந்த முகம் இருக்கும் வீட்டில் தலை இருக்காது என்று ஊரில் பேச்சு. உண்மையா என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் ஆசையில்லை. தேய்க்கத் தேய்க்க இன்னும் இருபத்திரண்டு மன்னர்கள் வந்தார்கள். சிவகாமி எல்லாரையும் பழந்துணியில் முடிந்து கக்கூஸ் பக்கம் நடந்தாள். குழியில் தொப்பென்று சத்தம் கேட்டபோது சேதுராமன் மன்னருக்கு எழுந்து நிற்கும் பழைய பழக்கத்தில் பாதி எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்துகொண்டார்.

கடைசியாக எட்டுக் காசுகள் மிஞ்சின. நடுவில் சதுர ஓட்டை, சுற்றிலும் சீனமா ஜப்பானா என்று தெரியாத நாலு எழுத்து. சிவகாமி சுண்டிப் பார்த்தாள்; மறுபடி சுண்டினாள்.

"இத மட்டும் அப்பா தனியா முடிஞ்சு வச்சிருந்தாரு. என்னான்னு சொல்லல."

முனைக்கடைச் சீனர் இருந்தால் படித்துச் சொல்லியிருப்பார். போன வருஷம் அவரை லாரியில் கொண்டுபோனதிலிருந்து கடைப்பலகை திறக்கவில்லை. ஜப்பானை எதிர்த்துத் திரட்டிய சீன நிதிக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு ஏதோ வில்லை கொடுத்தார்களாம். அந்த வில்லை அகப்பட்ட வீடுகளில் ஆண்பிள்ளை இல்லை. இவற்றில் ஒன்று அதுவாக இருந்தால்? குழியில் போடவும் வழியில்லை. மற்றவற்றை எண்ணாத தேவதாஸ் இதை மட்டும் 'ஓட்டைக் காசு எட்டு' என்று பட்டியலில் ஏற்றிவிட்டான்.

சேதுராமன் எட்டுச் சீட்டிலும் 'நிப்பான், மிகப் பழமை' என்று எழுதினார். எழுத்து முதல்முறையாகக் கோணியது.

"அவன் ஊரு எழுத்து அவனுக்குத் தெரியாதா?" என்றாள் சிவகாமி.

"பின்ன என்னத்த எழுத?"

"தெரியாதுன்னு எழுதுங்க."

வேட்டியில்லாமல் தெருவில் போகச் சொன்னதுபோல் அவளைப் பார்த்தார். அப்போதுதான் வாசலில் கார் சத்தம் கேட்டது. அவள் குனிந்து எட்டுச் சீட்டையும் ஒரே அள்ளாக அள்ளி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதிகாரி குள்ளமானவர், கண்ணாடி போட்டவர். செருப்புக்காலோடு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பூட்ஸைக் கழற்றி ஒழுங்காக வைத்து, வாளைச் சுவரில் சாய்த்துவிட்டு, பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அந்த மரியாதையைப் பார்த்துச் சேதுராமன் பாயின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார். தேவதாஸ் சீட்டுகளை முணுமுணுக்க, அவர் ஒவ்வொரு காசாக எடுத்து வைத்தார். சேவலைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். பிறகு ஓட்டைக் காசுகளில் ஒன்றை எடுத்து ஏதோ கேட்டார்.

"இதுக்கு ஏன் சீட்டு இல்லன்னு கேக்குறாரு, சார்," என்றான் தேவதாஸ்.

சேதுராமனின் நாக்கில் மூன்று சக்கரவர்த்திகளும் ஒரு கப்பலும் வரிசையில் நின்றார்கள். மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பில் ஒரு சீட்டின் முனை வெள்ளையாகத் தெரிந்தது.

"தாக் தாஹு, துவான்," என்றார். தெரியாது என்பது மலாயில் இரண்டே சொல். அதற்குள் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.

அதிகாரி காசைத் தூக்கி, அதன் சதுர ஓட்டை வழியாக அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு காலிச் சீட்டு ஒன்றை எடுத்து, தன் பேனாவால் மேலிருந்து கீழாக ஐந்து எழுத்து எழுதி, சேதுராமன் பக்கம் திருப்பி வைத்தார். காசைப் பையில் போட்டுக்கொண்டார். வாளை எடுத்துக்கொண்டு, பூட்ஸை மாட்டி வெளியேறினார்.

பின்னால் ஓடப்போன தேவதாஸின் கையைச் சேதுராமன் பிடித்துக்கொண்டார். "என்ன எழுதியிருக்கு?"

தேவதாஸ் சீட்டை எடுத்துப் பார்த்தான். ஒருமுறை தலைகீழாகவும் பார்த்தான். "பேசத்தான் கத்துக்குடுத்தாங்க, சார். படிக்கிறது இன்னும் வரல," என்று மெல்லச் சொல்லிவிட்டு, சீட்டைப் பாயில் வைத்துவிட்டு ஓடினான்.

உத்தியோகமோ சயாமோ, எதுவாகவும் இருக்கலாம்; இருவரும் அதைத் தொடவில்லை. மை இன்னும் ஈரமாகப் பளபளத்தது. ஜன்னல் காற்றில் சீட்டின் ஓரம் எழும்பியபோது, சிவகாமி கைக்கு வந்த ஒரு துட்டை எடுத்து அதன்மேல் வைத்தாள். கீழெழுத்து காசுக்கு அடியில் போயிற்று. மற்ற நாலும் அவர்களைப் பார்த்தபடி கிடந்தன. வெளியே கார் இன்னும் கிளம்பவில்லை.