அழுதவளுக்கு ஒரு நோட்டீஸ்

சாய்பிரசாத் செருப்பை உதறிவிட்டு ஓடினான். கையிலிருந்த நோட்டீஸ் கட்டு பசுமலைப் பள்ளிக்கூட வாசலிலேயே சிதறியது. பொறுக்க நேரமில்லை. இரட்டைச் சடை போட்ட பெண் ஒருத்தி அழுதபடி ரயில்வே கேட் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். கேட் மூடுவதற்கான மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

அன்று பிளஸ் டூ ரிசல்ட். சிம்மக்கல்லில் ஒரு மாடியில் டுடோரியல் நடத்தும் அவன், வருஷா வருஷம் நோட்டீஸோடு வந்து நிற்கும் வாசல் அது. அக்டோபரில் மறுபடி எழுத வேண்டியவர்களால்தான் அவன் வீட்டில் உலை கொதித்தது. அவர்கள் யார் என்று கண்டுபிடிக்க அவனிடம் ஒரு கணக்கு உண்டு. பாஸானவர்கள் நம்பர் ஒட்டிய போர்டைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு வந்தால் நம்ம ஆள். சிரித்துக்கொண்டு வந்தால் காகிதத்தை வீணாக்காதே.

கூட வேலை பார்க்கும் கணக்கு வாத்தியார் சுடலை கிண்டலடிப்பான். "மூஞ்சியப் பாத்தே மார்க்கு சொல்ற மாப்ள. கிளி ஜோசியக்காரன் பொழப்புல மண்ணப் போட்றாத."

சற்று முன்னால் நெட்டையாக ஒருத்தி சிரித்தபடி வெளியே வந்தாள். வந்தவள் சும்மா போகவில்லை. "என்னண்ணே, இன்னைக்கு வலையில எம்புட்டுப் பேரு?" என்று அவனைச் சீண்டினாள். ஒரு கணம் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் நோட்டீஸை நீட்டவில்லை. சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவளுக்குப் பின்னால் வந்தவள்தான் இந்த இரட்டைச் சடை. நீட்டிய நோட்டீஸைத் தட்டிவிட்டுப் பறந்தாள்.

போன வருஷமும் இதே வாசலில் ஒருத்தி அழுதுகொண்டே அவனிடம் நோட்டீஸ் வாங்கினாள். மறுநாள் பேப்பரில் தற்கொலைச் செய்தியோடு அவள் படம் வந்தது. அந்த முகம் கண்ணுக்குள் வரவும் சாய்பிரசாத் இன்னும் வேகமாக ஓடினான்.

கேட் இறங்கிவிட்டது. குனிந்து நுழையப் போனவளின் மணிக்கட்டை எட்டிப் பிடித்து இழுத்தான். அடுத்த மூச்சில் கூட்ஸ் வண்டி தடதடத்து வந்து மறித்தது.

"விடுங்கண்ணே..."

அவன் விடவில்லை. இரைச்சலுக்கு மேல், மூச்சு வாங்க வாங்கப் பேசினான். பரீட்சை ஒன்றும் உயிர் இல்லை என்றான். வீட்டில் தானே வந்து பேசுவதாகச் சொன்னான். "பீஸு கீஸு எதையும் நினைக்காத தாயி. நான் சொல்லித் தாரேன். அக்டோபர்ல எழுதிப்புடலாம்."

அவள் காதில் எதுவும் ஏறவில்லை. ஓடும் பெட்டிகளின் இடுக்கு வழியே அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பெட்டி கடந்தது. எதிர்ப்பக்கத்தில் கேட்மேன் ஒரு பெண்ணின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். அவள் ஜல்லியில் முகம் மூடி உட்கார்ந்திருந்தாள். அந்த நெட்டைப் பெண்.

"காவ்யா..." என்று கூப்பிட்டு இரட்டைச் சடை அங்கேயே தரையில் சரிந்தாள். போன உயிர் திரும்பி வந்ததுபோல் ஒரு மூச்சு.

சாய்பிரசாத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான்.

"எந்தப் பாடத்துல தாயி போச்சு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எனக்குப் போகலண்ணே. நான் பாஸு. நம்பர் வராதது அவளுக்குத்தான்."