வலிக்காத கட்டி

முத்துச்செல்வியின் தோளில் அந்தத் தடிப்பு வந்து ஐந்தாறு வருடம் இருக்கும். எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியில் வேலையின்போது ஒருமுறை பொறி தெறித்துச் சுட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்ததால், அது தீத்தழும்புதான் என்று இருந்துவிட்டாள். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை.

பட்டாணி அளவில் இருந்தது நெல்லிக்காய் ஆனதும், பக்கத்து ஊர் டாக்டரிடம் போய் வெட்டி எடுத்தாள். எடுத்த சதையை யாரும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அடுத்த தீபாவளிக்குள் அதே இடத்தில், முன்னைவிடக் கெட்டியாக முளைத்துவிட்டது.

"கத்தி பட்டதுலதான் இப்படிக் கிளம்பிருச்சு. இனிமே யாரையும் தொட விடாத" என்றான் கணவன் பாண்டிமுருகன். அவளுக்கும் அந்தப் பயம்தான். ஆனால் மேல்தோல் கருஞ்சிவப்பாக மினுங்கத் தொடங்கியதும், அவனையும் இழுத்துக்கொண்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போனாள்.

சிறு துண்டு எடுத்துச் சோதித்தபின் டாக்டர் ஹர்ஷினி இருவரையும் உட்காரவைத்தார். "இது தழும்பு இல்லம்மா. தோல்ல வர்ற ஒருவகைப் புற்றுநோய், ரொம்ப அபூர்வம். மெதுவாத்தான் வளரும். வேற இடத்துக்குப் பரவுறது குறைவு. அரைகுறையா எடுத்தா அங்கேயே திரும்ப வரும்."

புற்றுநோய் என்ற சொல்லுக்கு அப்புறம் பாண்டிமுருகன் காதில் எதுவும் விழவில்லை. முத்துச்செல்விதான் கேட்டாள்.

"அன்னைக்குச் சுட்டதுனால வந்துச்சா டாக்டரம்மா?"

"அப்படின்னு சொல்ல முடியாதும்மா. ஏன் வருதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியல."

கம்பெனியைத் திட்டலாம் என்று வந்தவளுக்கு, திட்ட ஆளில்லாமல் போனது ஒருமாதிரி இருந்தது.

"கத்தி பட்டா பரவும்ங்காகளே?"

"கத்தியால இல்ல. அன்னைக்கு மேல தெரிஞ்சதை மட்டும் எடுத்திருக்காங்க. தோலுக்கு அடியில அது வேர் மாதிரி ஓடியிருக்கு."

சிறுவயதில் கடலைக்காட்டில் களையெடுத்தவளுக்கு அது சட்டென விளங்கியது. "அருகம்புல்லு மாதிரின்னு சொல்லுங்க. எடுக்குறதுன்னா முழுசா எடுத்துருங்க."

சுற்றிலும் நல்ல சதையையும் சேர்த்து அகலமாக வெட்டி, தொடைத்தோலை எடுத்துத் தோளில் ஒட்டினார்கள். ஓரங்களில் நோய் இல்லை என்று முடிவு வந்தது. இருந்தாலும் பல வருடம் வந்து காட்ட வேண்டும் என்றார்கள்.

அவள் வேலைக்குத் திரும்பியதும், கூட வேலை பார்க்கும் வள்ளித்தாய் தயங்கித் தயங்கித் தன் முழங்கையைக் காட்டினாள். "எனக்கும் இங்கன ஒண்ணு இருக்கு மதினி. ஆனா வலிக்கல."

"எனக்கும் வலிக்கலயே. வா, நானும் கூட வாரேன்."

சோதித்துப் பார்த்ததில் அது வெறும் கொழுப்புக் கட்டி.

"ஒரு நாள் லீவு வீணாப் போச்சே" என்று பஸ்ஸில் சிரித்தாள் வள்ளித்தாய். முத்துச்செல்விக்கு அப்படித் தோன்றவில்லை. ஒட்டுப்போட்ட தோள் ஜன்னலில் இடிக்காதபடி நகர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.